சிம்ஸ் பூங்காவின் மரங்களுக்கு ஒரு பதிவேடு வேண்டும்: தோட்டக்கலைத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தோட்டக்கலை – மலைப்பயிர்கள் துறை அதிகாரிகளுக்கும், குன்னூர் நகராட்சிக்கும்,

வணக்கம்.

குன்னூர் சிம்ஸ் பூங்காவுக்கு 150 வயது தாண்டிவிட்டது. 1874-ல் தொடங்கிய பூங்கா. இந்த ஊரில் அதைவிட மூத்தவை என்று எண்ணிப் பார்த்தால் நகராட்சி (1866), சில வழிபாட்டுத் தலங்கள், கொஞ்சம் பழைய பங்களாக்கள், அவ்வளவுதான். மலை ரயிலே குன்னூருக்கு 1899-ல்தான் வந்து சேர்ந்தது. அந்தக் கணக்கில் பூங்கா ரயிலுக்கு 25 வயது மூத்த அண்ணன். தம்பிக்கு 2005-ல் யுனெஸ்கோ அங்கீகாரம் கிடைத்தது. அண்ணனுக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால், ஆண்டுதோறும் மே மாதத்தில் ஒரு பழக்கண்காட்சி.

கண்காட்சியைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. பழங்களை அடுக்கி யானையும் கோட்டையும் செய்து நிறுத்தினால் குழந்தைகள் வாய் பிளந்து பார்க்கிறார்கள். ஊரில் கடை வைத்திருப்பவருக்கும், ஆட்டோ ஓட்டுபவருக்கும், லாட்ஜ்காரருக்கும் அந்த நாலு நாள் நல்ல வியாபாரம். இருக்கட்டும். ஆனால் கண்காட்சி முடிந்து பழங்களை அள்ளிய பிறகும் அங்கேயே நிற்பவை மரங்கள். அந்த மரங்களைப் பற்றித்தான் இந்த மடல். கேட்க வந்தது ஒன்றுதான்: பூங்காவில் உள்ள ஒவ்வொரு பழைய மரத்துக்கும் எண், பெயர், வயது, வந்த ஊர் எல்லாம் எழுதிய ஒரு பதிவேடு வேண்டும். அது பொதுமக்கள் பார்க்கும்படி இருக்க வேண்டும். துறையிடம் ஏற்கெனவே அப்படி ஒன்று இருந்தால் வெளியிடுங்கள். இல்லையென்றால் எழுதத் தொடங்குங்கள்.

இவ்வளவு சின்ன விஷயத்துக்கு இவ்வளவு பெரிய கடிதமா என்று தோன்றலாம். அது சின்ன விஷயம் அல்ல என்று சொல்லத்தான் கொஞ்சம் வரலாறு பேச வேண்டியிருக்கிறது.

சென்னை மாகாண அரசில் உயர் பதவியில் இருந்த ஜே.டி. சிம் என்பவரும் மேஜர் மர்ரே என்பவரும் சேர்ந்து தொடங்கிய பூங்கா இது. இடம் ஒரு பள்ளத்தாக்கு. மலையூரில் பூங்கா வைக்க நினைப்பவர் முதலில் செய்வது மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்புவதுதான். இங்கே அப்படிச் செய்யவில்லை. பள்ளத்தைப் பள்ளமாகவே விட்டு, சரிவுகளில் பாதை வளைத்து, முன்பே நின்ற காட்டு மரங்களுக்கு இடையில் வெளியூர் மரங்களை நட்டார்கள். ஏறத்தாழ 12 ஹெக்டேர் நிலம். கடல் மட்டத்திலிருந்து 1,768 மீட்டரில் தொடங்கி 1,798 மீட்டர் வரை போகிறது. மேட்டுக்கும் தாழ்வுக்கும் 30 மீட்டர் வித்தியாசம். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இந்தப் புள்ளிவிவரத்தைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

நிலத்தின் அந்த அமைப்புதான் பூங்காவின் முதல் மரபுச் சொத்து என்பது என் எண்ணம். பாத்தியில் பூ மாறும், பெஞ்சு மாறும், வேலிக்கு அடிக்கும் பெயிண்ட் மாறும். ஆனால் மேலிருந்து பார்த்தால் கீழே தண்ணீரும், எதிர்ச் சரிவில் மர உச்சிகளும் தெரிகிற அந்தப் பார்வை 1874-ல் போட்ட திட்டத்தின் மிச்சம். ஒரு பெரிய கட்டடத்தையோ ஒரு வாகன நிறுத்தத்தையோ தவறான இடத்தில் வைத்தால் அது போய்விடும். பிறகு எந்த நிதி ஒதுக்கினாலும் திரும்பாது.

சரி, நிலத்தை விடுங்கள். இந்தப் பூங்கா தனியாக முளைத்தது அல்ல என்பதுதான் பலருக்குத் தெரியாத கதை.

1840-களில் ஊட்டியில் குடியிருந்த வெள்ளைக்காரர்கள் தங்களுக்கு நியாயமான விலையில் காய்கறி கிடைக்க வேண்டும் என்று சந்தா போட்டு ஒரு தோட்டம் வைத்தார்கள். அது சரியாக ஓடவில்லை. அப்போது சென்னையில் ஆளுநராக இருந்தவர் ட்வீட்டேல் பிரபு. அவர் காலத்தில் முறையான தாவரவியல் தோட்டம் ஒன்றை அமைக்கும் வேலை தொடங்கி, 1848-ல் லண்டன் கியூ தோட்டத்தில் பயின்ற வில்லியம் கிரஹாம் மெக்ஐவர் ஊட்டிக்கு வந்து சேர்ந்தார். தொட்டபெட்டா சரிவில் சதுப்பும் புதருமாகக் கிடந்த இடத்தைப் பத்தாண்டு உழைப்பில் இன்றைய அரசு தாவரவியல் பூங்காவாக மாற்றியவர் அவர். 1860-களில் தென் அமெரிக்காவிலிருந்து வந்த சின்கோனாவைத் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் வளர்த்துக் காட்டியவரும் அவர்தான். மலேரியாவுக்கு மருந்தான கொய்னா அந்த மரப்பட்டையிலிருந்து வந்தது.

அதற்குள் ஒரு விஷயம் புரிந்துவிட்டது. நீலகிரி ஒரே மலைதான், ஆனால் ஒரே தட்பவெப்பம் அல்ல. ஊட்டியில் உறைபனியில் கருகும் செடி குன்னூரில் பிழைக்கும். குன்னூரில் சோம்பி நிற்கும் செடி, மலைப்பாதையில் அதற்குக் கீழே உள்ள பர்லியாறில் காய்த்துக் குலுங்கும். ஆகவே மலையடிவாரத்திலிருந்து உச்சி வரை, படிக்கட்டு வைத்ததுபோல அரசுத் தோட்டங்கள் வந்தன. பர்லியாறு பழப்பண்ணை 1871. சிம்ஸ் பூங்கா 1874. அடிவாரத்தில் கல்லாறு 1900. அப்புறம் சிம்ஸ் பூங்காவுக்குப் பக்கத்திலேயே பழவியல் நிலையம் 1920. மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தால் இரண்டரை மணி நேரத்தில் இந்தப் படிகள் அத்தனையையும் கடந்து ஊட்டி போய்விடலாம். கல்லாறிலும் பர்லியாறிலும் மங்குஸ்தான், ஜாதிக்காய், கிராம்பு. பர்லியாறில் துரியன் பழுக்கும் காலத்தில், குழந்தை வரம் தரும் என்று நம்பி எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். பழத்தின் வாடையைத் தாங்கிக்கொண்டு பஸ்ஸில் எடுத்துப் போகிற அவர்களின் நம்பிக்கை பெரியது. குன்னூருக்கு வந்தால் பிளம்ஸ், பீச், பேரிக்காய். ஊட்டியில் வேறு உலகம்.

எந்தச் செடி எந்த உயரத்தில் வாழும் என்று மண்ணில் நட்டே பார்த்த ஒரு நீண்ட பரிசோதனை இது. அதில் நடுப்படி குன்னூர். இன்றைக்குப் பருவநிலை மாறுகிறது, வெப்பம் மேலே ஏறுகிறது, மலைப்பயிர் இனி எந்த உயரத்துக்குப் போகும் என்று ஆராய்ச்சிக் கூட்டங்களில் பேசுகிறோம். ஒன்றரை நூற்றாண்டாக ஒரே இடத்தில் நின்று ஒவ்வொரு மழையையும் வறட்சியையும் உடம்பில் வாங்கிக்கொண்ட சாட்சிகள் சிம்ஸ் பூங்காவில் இருக்கின்றன. ஆனால் எந்த மரம் எந்த ஆண்டு நட்டது என்று தெரிந்தால்தான் அந்தச் சாட்சியத்துக்கு மதிப்பு. வயது தெரியாத மரம் அழகாக நிற்கும், நிழல் தரும்; வளர்ச்சி வேகத்தைக் கணக்குப் போட உதவாது.

பூங்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தாவர வகைகள் இருப்பதாகவும், அவை 85 குடும்பங்கள், 255 பேரினங்களைச் சேர்ந்தவை என்றும் துறையின் விவரங்கள் நெடுநாளாகச் சொல்கின்றன. இந்த எண்ணிக்கை எந்த ஆண்டுக் கணக்கெடுப்பு, அதில் இன்றைக்கு எத்தனை உயிரோடு இருக்கின்றன என்பதையும் சேர்த்துச் சொன்னால் நன்றாக இருக்கும்.

இரண்டு மரங்களைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

முதலாவது, எல்லோரும் தேடிப் போகிற ருத்ராட்ச மரம். கழுத்தில் போடும் கொட்டையைப் பார்த்தவர்கள் அதன் பழத்தைப் பார்த்தால் நம்ப மாட்டார்கள். கோலிக்குண்டு அளவில், பளபளவென்று நீலமாக இருக்கும். அந்தத் தோலில் நீலச் சாயம் என்று எதுவும் கிடையாது. தோலுக்குள் இருக்கும் மிக நுண்ணிய அடுக்குகள் ஒளியைத் திருப்பி அனுப்பும் விதத்தால் நமக்கு நீலமாகத் தெரிகிறது. மயில் இறகின் நிறமும் ஏறக்குறைய இந்த வித்தைதான். தோலைக் கீறினால் உள்ளே பச்சையும் மஞ்சளுமாகக் கொஞ்சம் சதை, அதற்குள் முகம் முகமாகக் கோடு விழுந்த கொட்டை. ஐந்து முகம்தான் அதிகம் கிடைக்கும். ஒரு முகம் கிடைக்குமா என்று சருகைக் கிளறிப் பார்ப்பவர்களும் உண்டு. இதற்கு நம் மலையிலேயே பிறந்த உறவுக்கார மரம் ஒன்று இருக்கிறது: படுகர்கள் பிக்கி என்று சொல்லும் மரம். அதுவும் இதே பேரினம். சோலைக்காட்டில் தானாக வளர்வது. வெளியூர்ச் சொந்தத்தைக் கும்பிடும் நாம் உள்ளூர்ச் சொந்தத்தின் பெயரைக்கூடக் கேட்டிருக்க மாட்டோம்.

இரண்டாவது, ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்திலிருந்து வந்த கௌரி பைன். பைன் என்றதும் ஊசி இலையை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். இலை அகலமாக, தோல் துண்டுபோலத் தடிமனாக இருக்கும். தண்டு தூண் மாதிரி நேராகப் போகும். கிளை தொடங்குவதற்குள் கழுத்து வலிக்கும். பட்டை செதில் செதிலாக உரிந்து, உரிந்த இடம் வேறு நிறத்தில் திட்டுத் திட்டாகத் தெரியும். காயம் பட்ட இடத்தில் பிசின் முத்து முத்தாகக் கட்டி நிற்கும். யார் பெயரையாவது செதுக்கிய இடத்திலும் அதே பிசின்தான் வரும். காதலர்களே, தயவுசெய்து வேறு இடம் பாருங்கள்.

இவை தவிர மக்னோலியா, கமேலியா, டர்பன்டைன், மரப்பெரணி என்று வரிசை நீளும். கமேலியா நம் தேயிலைக்கு ஒன்றுவிட்ட அக்கா. ஊரைச் சுற்றி மலை மலையாகத் தேயிலை இருக்க, அதன் சொந்தம் பூங்காவில் பூவுக்காக மட்டும் நிற்கிறது. மக்னோலியாவுக்கும் நீலகிரிச் சோலையில் செண்பக வகை உறவு உண்டு. மரப்பெரணியைத் தேடி வெளியே போகவே வேண்டாம், நம் ஓடைக் கரைகளிலேயே இருக்கிறது. வெளியூர் மரத்தையும் அதன் உள்ளூர் உறவையும் ஒரே நடையில் காட்டக்கூடிய இடம் தமிழ்நாட்டில் எத்தனை இருக்கிறது? பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஒரு நாள் தாவரவியல் வகுப்பே இங்கே நடத்தலாம். அதற்கு வேண்டியது பெயர்ப்பலகை. அதில் தமிழ்ப் பெயர், படுக, தோடப் பெயர் இருந்தால் அதுவும், தாய்நாடு, நட்ட ஆண்டு. லத்தீன் பெயர் அவசியம்தான், ஆனால் அது மட்டும் இருந்தால் குழந்தை அடுத்த மரத்துக்கு ஓடிவிடும்.

இந்த இடத்தில் ஒரு எதிர்க்கேள்வி வரும் என்று தெரியும். வெள்ளைக்காரன் தன் சௌகரியத்துக்கு வைத்த பூங்காவை நாம் ஏன் மரபு என்று தூக்கிப் பிடிக்க வேண்டும்?

நியாயமான கேள்வி. சிம் பெயரும் மர்ரே பெயரும் நிலைத்தன. மண் வெட்டியவர்கள், குழி தோண்டியவர்கள், மலைப்பாதையில் செடித் தொட்டியைச் சுமந்தவர்கள் பெயர் எதுவும் நம் கையில் இல்லை. பூங்கா வருவதற்கு முன்பே இந்த மலையில் தோடர், கோத்தர், படுகர், குறும்பர், இருளர் வாழ்ந்தார்கள். நிலம் வெற்றிடமாகக் கிடந்து வெள்ளைக்காரனுக்காகக் காத்திருக்கவில்லை. அதே காலத்துத் தாவர ஆர்வம்தான் சீகை (வாட்டில்) மரத்தையும் கற்பூர (யூகலிப்டஸ்) மரத்தையும் மலை முழுவதும் பரப்பி, புல்வெளியை விழுங்கவும் வைத்தது. இதையெல்லாம் மறைத்துவிட்டுப் பூங்காவின் வரலாற்றை எழுதினால் அது விளம்பரத் துண்டறிக்கையாகத்தான் இருக்கும்.

ஆனால் அந்தக் காரணத்துக்காகவே பதிவேடு வேண்டும் என்கிறேன். அந்நிய ஆக்கிரமிப்புத் தாவரங்களை அகற்றத் தமிழ்நாடு அரசு 2022-ல் ஒரு கொள்கையே வெளியிட்டது. நல்ல விஷயம், வரவேற்கிறேன். அந்தக் கொள்கையின் குறி பரவி அழிக்கும் செடிகள். வெளிநாட்டு மரம் எல்லாமே எதிரி அல்ல. சீகை விதை போட்டுப் பரவும். 150 ஆண்டாக நட்ட இடத்திலேயே நிற்கிற மரம் வேறு ரகம். எது பரவுகிறது, எது நின்ற இடத்தில் நிற்கிறது என்று எழுதி வைத்திருந்தால்தான் நாளைக்கு ஒரு அதிகாரி ஒரு உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு தவறான மரத்தில் ரம்பம் வைக்காமல் இருப்பார்.

தவிர, அந்தத் தோட்டங்களில் வேலை செய்த நம் ஆட்கள் கற்றுக்கொண்டது வீணாகப் போகவில்லை. இங்கிலீஷ் காய்கறி என்று நாம் இன்றும் சொல்லும் கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு இந்த மலை விவசாயிகளின் கையில் வாழ்வாதாரமாக மாறின. நாற்று தயாரிப்பது, ஒட்டுக் கட்டுவது, கவாத்து செய்வது என்று பூங்காவுக்குள் தலைமுறை தலைமுறையாக வந்த கைத்திறன் எந்தப் பட்டியலிலும் சேராத சொத்து. பூங்கா, பண்ணைத் தொழிலாளர்கள் பணி நிரந்தரம் கேட்டுப் போராடிய செய்திகளை நாம் படித்திருக்கிறோம். ஓய்வு பெறும் நிலையில் இருக்கும் மூத்த தொழிலாளர்களிடம் உட்கார்ந்து, எந்த மரம் எப்போது பூக்கும், எது எந்த ஆண்டுப் புயலில் கிளை இழந்தது, எதை யார் நட்டார்கள் என்று கேட்டு எழுதினாலே பதிவேட்டில் பாதி வேலை முடிந்துவிடும். அப்படிச் சொல்பவர்களின் பெயரைப் பதிவேட்டில் போடுங்கள். சிம் பெயருக்குக் கீழே அவர்கள் பெயரும் இருக்கட்டும்.

ஆவணங்களும் இல்லாமல் இல்லை. நீலகிரி அரசுத் தோட்டங்களும் பூங்காக்களும் பற்றி அந்தக் காலத்தில் ஆண்டறிக்கைகள் அச்சிட்டார்கள். சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும், ஊட்டியின் பழைய நூலகத்திலும் தேடினால் என்னென்ன விதை எங்கிருந்து வந்தது, எது பிழைத்தது, எது பட்டுப்போனது என்ற விவரம் கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. இனம் கண்டறியும் சந்தேகங்களுக்குக் கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல அலுவலகமும் அதன் உலர்தாவரத் தொகுப்பும் இருக்கின்றன. ஊட்டி அரசு கலைக் கல்லூரி, குன்னூர் பிராவிடன்ஸ் மகளிர் கல்லூரி மாணவர்களைக் கூப்பிட்டால் சந்தோஷமாக வருவார்கள். தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் நாடாவைச் சுற்றித் தண்டின் சுற்றளவை எடுக்க வேண்டும், இடத்தைக் குறிக்க வேண்டும், படம் எடுக்க வேண்டும், பொந்து, பூஞ்சை, சாய்வு இருந்தால் எழுத வேண்டும். ஒரு கல்லூரிப் பருவத்துக்குள் முடிகிற வேலை. பெரிய டெண்டர் எதுவும் தேவையில்லை. ஒருவேளை அதனால்தான் யாருக்கும் தோன்றவில்லையோ என்னவோ.

பதிவேட்டோடு சேர்ந்து வர வேண்டியது வாரிசுகள். மரத்துக்கும் ஆயுள் உண்டு. குன்னூருக்கு வடகிழக்குப் பருவமழைதான் கனமாக வரும். 2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். அப்படி ஒரு மழையில் ஒரு பழைய மரம் சாய்ந்தால், அடுத்த வாரம் அதைத் துண்டு போட்டு அகற்றிவிட்டு, அந்த இடத்தில் கிடைத்த கன்றை நடுவதுதான் எங்கும் வழக்கம். சாய்ந்த மரத்தோடு அதன் வம்சமும் போய்விடும். அதற்கு முன்பே அதன் விதையிலோ போத்திலோ கன்று எடுத்து நாற்றங்காலில் வைத்திருந்தால், அதே இடத்தில் அதன் பிள்ளையையே நடலாம். நாற்றங்கால் உங்களிடம் இருக்கிறது. எதிரிலேயே பழவியல் நிலையம் இருக்கிறது. ஆட்களும் அனுபவமும் இருக்கின்றன. எந்த மரத்துக்கு அவசரமாகக் கன்று எடுக்க வேண்டும் என்ற பட்டியல்தான் தேவை.

இது என் சொந்த யோசனை அல்ல. வரலாற்றுத் தோட்டங்களைப் பாதுகாப்பது பற்றி 1981-ல் இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் கூடிய வல்லுநர்கள் ஒரு சாசனம் எழுதினார்கள். பழைய தோட்டத்தை உயிருள்ள நினைவுச்சின்னமாகக் கருத வேண்டும், செடிகொடிகளை முன்கூட்டியே திட்டமிட்டு மாற்றி நட வேண்டும் என்பது அதன் சாரம். சிங்கப்பூரில் 2001-லிருந்து மரபு மரங்களுக்கென்றே ஒரு திட்டம் நடக்கிறது. அங்கே 1859-ல் தொடங்கிய தாவரவியல் தோட்டத்தை 2015-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். சிம்ஸ் பூங்காவுக்கு யுனெஸ்கோ வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆசைக்கும் அளவு உண்டு.

நம் நாட்டுச் சட்டத்துக்குள்ளேயே வழி இருக்கிறது. பல்லுயிர்ச் சட்டத்தின் கீழ் மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டியை 2022-ல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள், ஞாபகம் இருக்கும். அது இயற்கை நிலம், பூங்கா வேறு என்று சொல்லலாம். ஆனால் இந்தியாவிலேயே முதன்முதலாக, 2007-ல், அப்படி அறிவிக்கப்பட்டது கர்நாடகத்தில் தேவனஹள்ளிக்குப் பக்கத்தில் உள்ள நல்லூர் புளியந்தோப்பு. அங்கே நிற்பவை மனிதர் நட்டு வளர்த்த புளிய மரங்கள்! ஒரு புளியந்தோப்புக்குப் பொருந்துவது ஒன்றரை நூற்றாண்டுத் தாவரத் தொகுப்புக்கு ஏன் பொருந்தாது என்று மாநிலப் பல்லுயிர் வாரியத்திடம் கேட்டுப் பார்க்கலாமே. மாநில மரபுச் சின்னங்கள் ஆணையச் சட்டமும் 2012-லிருந்து இருக்கிறது. எந்த வழியில் போனாலும் முதலில் கேட்கப்போவது, அங்கே என்ன இருக்கிறது என்ற பட்டியலைத்தான். மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் 1955-லிருந்தே இங்கே நடைமுறையில் இருக்கிறது என்பது உண்மை. அது மரத்தை வெட்ட அனுமதி வாங்கச் சொல்லும். அந்த மரம் யார், எங்கிருந்து வந்தது என்று கேட்காது.

பூங்காவைச் சுற்றியுள்ள இடங்களையும் சேர்த்துப் பாருங்கள். எதிரே பாஸ்டர் நிறுவனம், 1907-லிருந்து இருக்கிறது. 1902-ல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற இளம்பெண் வெறிநாய்க்கடியால் இறந்தார். அன்றைக்குத் தென்னிந்தியாவில் அதற்குச் சிகிச்சை தரும் இடமே இல்லை. அதன்பிறகு ஹென்ரி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கர் கொடுத்த நன்கொடையும் சேர்ந்து இந்த நிறுவனம் வந்தது. நாய்க்கடி ஊசிக்காக ஊர் ஊராக ஆட்கள் குன்னூருக்கு வந்த காலம் ஒன்று இருந்தது. பூங்கா, பாஸ்டர் நிறுவனம், பழவியல் நிலையம் மூன்றையும் ஒரு மரபுப் பகுதியாகக் கருதி ஒரு நடைபாதை வரைபடம் போட்டால் செலவு அச்சுக்கூலி மட்டும்தான். நகராட்சி அதைச் செய்யலாம்.

புதிய கட்டுமானங்களைப் பற்றி இரண்டே வார்த்தை. செல்ஃபி மேடை, சிமென்ட் விலங்கு, வண்ண விளக்கு இவற்றை வைக்க ஊரில் வேறு இடங்கள் இருக்கின்றன. 2024 மே மாதத்திலிருந்து உயர் நீதிமன்ற உத்தரவுப்படி நீலகிரிக்கு இ-பாஸ் வாங்கித்தான் வர வேண்டியிருக்கிறது. மலை தாங்காது என்று நீதிமன்றமே சொல்லும் நிலையில், பூங்காவுக்குள் கூட்டத்தை இழுக்க இன்னொரு வித்தை தேவையா? வேர் மேல் மிதித்து மண் இறுகினால் மரத்துக்கு மூச்சு முட்டும் என்று உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ருத்ராட்ச மரத்தையும் மற்ற மூத்த மரங்களையும் சுற்றி, கிளை பரவிய அளவுக்காவது ஒரு தாழ்ந்த வேலி போட்டால் போதும்.

பழக்கண்காட்சிக்கும் ஒரு விண்ணப்பம். வெளியூரிலிருந்து லாரியில் வரும் திராட்சையும் ஆரஞ்சும் சிற்பத்துக்கு இருக்கட்டும். ஒரு சின்ன மேசை மட்டும் இந்த மலையின் பழங்களுக்கு ஒதுக்குங்கள்: தவிட்டுப்பழம், பிக்கி, மரத்தக்காளி, ஊட்டி பேரிக்காய். அந்தந்தக் காலத்தில் காய்ப்பதால் எல்லாமே மே மாதத்தில் கிடைக்காது என்பது தெரியும். கிடைப்பதை வையுங்கள், கிடைக்காததற்குப் படம் வையுங்கள். பக்கத்தில் கல்லாறு, பர்லியாறு, குன்னூர், ஊட்டி என்று அந்த நான்கு படிகளின் கதையை ஒரு பலகையில் எழுதி நிறுத்துங்கள். நான்கு நாளில் வருகிற அத்தனை பேரில் நூறு பேர் நின்று படித்தாலும் லாபம்தான்.

வேலையைத் தொடங்க ஜனவரி நல்ல மாதம். மழை விட்டிருக்கும், சீசன் கூட்டம் வந்திருக்காது, கல்லூரிப் பிள்ளைகளும் பொங்கல் முடிந்து திரும்பியிருப்பார்கள். குளிர் மட்டும் காலையில் கொஞ்சம் படுத்தும். ஒன்பது மணிக்கு மேல் நாடாவை எடுத்தால் போதும். நாடா பிடிக்க ஆள் குறைந்தால் சொல்லி அனுப்புங்கள், ஊர்க்காரர்கள் வருகிறோம்.

இப்படிக்கு,
குன்னூர்வாசி ஒருவர்